அரக்கு முதல் நைலான் வரை

மைசூருக்கும் வானொலிக்கும் உள்ள உறவு பழையது. மகாராஜா கல்லூரியில் மனோதத்துவப் பேராசிரியராக இருந்த எம். வி. கோபாலசாமி அவர்கள் 1935-ஆம் ஆண்டில் தம் இல்லத்திலேயே ஒரு சிறிய ஒலிபரப்பு நிலையத்தை அமைத்தார். அந்நிலையத்திற்கு வழங்கிய ‘ஆகாசவாணி’ என்னும் பெயரே பிற்காலத்தில் பாரத நாடு முழுவதற்கும் உரிய பெயராயிற்று. ஆகாசவாணியைச் செவிமடுத்த அக்காலத்துப் பெட்டிகளில் பலவற்றின் கூடும் திருகுகளும் பேக்கலைட் என்னும் பொருளால் ஆனவை. அதே வீட்டில் கிராமபோன் பெட்டி இருந்திருக்குமாயின், அதில் சுழன்ற இசைத்தட்டு அரக்கைக் கொண்டு வார்க்கப்பட்டது. ஒன்று மனிதன் ஆக்கிய பிளாஸ்டிக். மற்றொன்று பூச்சி ஆக்கிய பிளாஸ்டிக். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள வரலாற்றையும், அவ்வரலாற்றில் மைசூர்க் கைவினைஞர் பெற்ற பங்கையும், இன்று நம் பிள்ளைகள் பட்டறைகளில் கற்க வேண்டிய பாடத்தையும் நேயர்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறோம்.

‘பிளாஸ்டிக்’ என்னும் சொல் கிரேக்க மொழியிலிருந்து வந்தது. வேண்டிய வடிவத்திற்கு வளைந்து கொடுப்பது என்பதே அதன் மூலப்பொருள். இன்று தமிழில் அதனை நெகிழி என்கிறோம். பொருளை நோக்கின், நம் முன்னோர் நெகிழியை அறியாதவர் அல்லர். பாண்டவர்களை அழிக்கக் கட்டிய அரக்கு மாளிகையின் கதையை அறியாத தமிழர் உண்டோ? மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசினே அரக்கு. சூடு பட்டால் இளகும், ஆறினால் இறுகும், மீண்டும் சூடு காட்டினால் மீண்டும் இளகும். இன்றைய விஞ்ஞானிகள் வெப்ப இளக்கப் பொருள்கள் என்று வகுத்துள்ள பிளாஸ்டிக்குகளின் இலக்கணம் முழுவதும் அரக்கில் அமைந்திருப்பதைக் காண்கிறோம்.

வீணை வாசிக்கும் இல்லங்களில் மற்றோர் உதாரணம் உண்டு. வீணையின் 24 மெட்டுகளும் மெழுகுப் பாத்தியின்மீது பதிக்கப்படுகின்றன. அவற்றைச் சுருதி பிசகாமல் அமைக்கும் வேலைக்கு மேளம் கட்டுதல் என்று பெயர். மெட்டு ஒரு மயிரிழை நகர்ந்தாலும் ஸ்வரம் கெட்டுவிடும். கோடையில் மெழுகு இளகினால் மெட்டு நகரும். ஆகவே சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மேளத்தைக் கட்டிக்கொள்வது வழக்கம். வீணை சேஷண்ணா வாழ்ந்த மைசூரிலும், வீணைக்குப் பெயர்பெற்ற தஞ்சையிலும் இவ்வேலையைச் செய்தவர்கள், இளகும் பொருளைக் கொண்டு நுட்பமான அளவைக் காப்பது எவ்வளவு கடினம் என்பதைத் தம் காதுகளாலேயே அறிந்திருந்தார்கள்.

மைசூரிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் பாதையில் சென்னபட்டணம் என்னும் ஊர் இருக்கிறது. அங்கே செய்யப்படும் மரப்பொம்மைகளை வாங்காமல் அவ்வழியே செல்லும் தமிழ்க் குடும்பங்கள் குறைவு. வெட்பாலை மரத்துண்டைக் கடைசல் யந்திரத்தில் பொருத்திச் சுழலவிட்டு, உளியால் உருவம் கொடுத்தபின், வண்ண அரக்குக் குச்சியை அச்சுழலும் மரத்தின்மேல் அழுத்துகிறார்கள். உராய்வினால் பிறக்கும் வெப்பமே அரக்கை உருக்கி மரத்தின்மீது படரச் செய்கிறது. பிறகு தாழை ஓலையால் அழுத்தித் தேய்க்க, கண்ணாடி போன்ற பளபளப்பு உண்டாகிறது. தூரிகையும் இல்லை, அடுப்பும் இல்லை. சுழற்சி மிகுந்தால் அரக்கு தீயும்; குறைந்தால் ஒட்டாது. இந்த உராய்வு வெப்பத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்; பின்னால் இதே வெப்பம் பகைவனாக வரப்போகிறது.

அரக்கு கைத்தொழிலோடு நின்றுவிடவில்லை. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில், 1937-ஆம் ஆண்டில், மைசூர் அரக்கு மற்றும் வர்ணத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. காடுகளில் கிடைத்த அரக்கைப் பயன்படுத்துவதே அதன் தொடக்க நோக்கம். 1962-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலிலிருந்து வாக்காளர் விரலில் இடப்படும் அழியாத மையைத் தயாரிக்கும் ஆலை இதுவே. அரக்கில் தொடங்கிய ஓர் ஆலை மையினால் புகழ்பெற்றது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

இனி மேலைநாட்டை நோக்குவோம். சென்ற நூற்றாண்டிற்கும் முந்திய நூற்றாண்டில், பில்லியர்ட்ஸ் ஆட்டத்திற்கு வேண்டிய பந்துகளை யானைத் தந்தத்திலேயே கடைந்தார்கள். தந்தம் அருகி விலை ஏறவே, அதற்கு மாற்றுப்பொருள் கண்டுபிடிப்பவருக்கு 10,000 டாலர் பரிசு தருவதாக 1863-ஆம் ஆண்டளவில் அமெரிக்க நிறுவனம் ஒன்று அறிவித்தது. அம்முயற்சியில் இறங்கியவர்களுள் ஒருவர் ஜான் வெஸ்லி ஹையாட். பஞ்சின் மூலப்பொருளை நைட்ரிக அமிலத்தால் மாற்றி, அதனோடு கற்பூரம் சேர்த்துச் செல்லுலாயிட் என்னும் பொருளை ஆக்கி, 1870-இல் உரிமைப் பத்திரமும் பெற்றார். தந்தத்திற்குரிய எல்லாக் குணங்களும் அதற்கு வாய்க்கவில்லை. எளிதில் தீப்பற்றவும் செய்தது. எனினும் சீப்பு, பொத்தான், புகைப்படச் சுருள் எனப் பல உருவங்களில் அது உலகெங்கும் பரவிற்று.

அடுத்துவந்தவர் லியோ பேக்லண்ட். மின்சாரக் கம்பிகளுக்குக் காப்பிட இந்திய நாட்டு அரக்கு பெருவாரியாகத் தேவைப்பட்ட காலம் அது. அரக்கிற்கு ஈடான செயற்கைப் பொருளைத் தேடியே அவர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். 1907-இல் அவர் கண்டது அரக்கைப்போல் மீண்டும் மீண்டும் இளகும் பொருள் அன்று; ஒருமுறை அச்சில் வெந்து இறுகிவிட்டால் பின்னர் இளகவே இளகாத பொருள். அதுவே பேக்கலைட். ஆக, இவ்விரு பிளாஸ்டிக்குகளில் ஒன்று தந்தத்தின் இடத்தையும், மற்றொன்று அரக்கின் இடத்தையும் நாடிப் பிறந்தவை. தந்தமும் அரக்கும் மைசூர்ச் சீமையின் இரு பெரும் கைவினைகளுக்கு ஆதாரமாக இருந்தவை என்பதை எண்ணும்போது, அந்த அமெரிக்கச் சோதனைச்சாலைகளுக்கும் இவ்வூர்த் தெருக்களுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத ஒரு தொடர்பு இருந்ததை உணர்கிறோம்.

மைசூர் அரண்மனையைப் பார்க்காத தமிழ்ப் பயணிகள் சிலரே. பழைய மர அரண்மனை 1897-இல் தீக்கிரையானபின், சென்னை உயர்நீதிமன்றக் கட்டடத்தோடு பெயர் இணைந்த ஹென்றி இர்வின் என்பவரே புதிய மாளிகைக்கும் திட்டம் வகுத்தார். 1912-இல் அது நிறைவெய்தியது. அதனுள் அம்பாவிலாச மண்டபத்தில் ஈட்டி மரக் கதவில் தந்தம் இழைத்த வேலைப்பாட்டைக் காணலாம். உருவத்தைத் தாளில் வரைந்து, தந்தத் தகட்டில் மெல்லிய கம்பி வாளால் அறுத்தெடுத்து, மரத்தில் அதே வடிவத்தில் குழி தோண்டி, இடைவெளி தெரியாமல் பதித்து, நுண்ணிய கோடுகளைக் கீறிக் கருப்பு அரக்கால் நிரப்புவது அக்கலையின் முறை. மரத்திற்கும் தந்தத்திற்கும் நடுவே நகமும் நுழையலாகாது. இக்காலத்துப் பொறியியல் வல்லுநர் எதனைத் துல்லியப் பொருத்தம் என்று கூறுகிறார்களோ, அதனை அவர்கள் அளவுகோலின்றிக் கண்ணாலும் விரலாலும் சாதித்தார்கள்.

இந்நிலையில் யானையின் உயிர் குறுக்கிட்டது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 1977-இல் யானை அச்சட்டத்தின் முதல் அட்டவணைக்கு மாற்றப்பட்டது. 1986-இல் இந்தியத் தந்தத்தின் வாணிகமும், 1991-இல் இறக்குமதியான ஆப்பிரிக்கத் தந்தத்தின் வாணிகமும் தடைசெய்யப்பட்டன. யானைக்கு அது வாழ்வு. தலைமுறை தலைமுறையாகத் தந்தத்தை நம்பிய குடும்பங்களுக்கோ, ஒரே நாளில் கையிலிருந்த பொருள் பறிபோயிற்று. சிலர் தொழிலை விட்டார்கள். சிலர் பலவண்ண மரத்துண்டுகளையே இழைத்து ஓவியம்போல் அமைத்தார்கள். வெண்மை வேண்டிய இடங்களில் வெள்ளைப் பிளாஸ்டிக் தகட்டைக் கையிலெடுத்தார்கள். பில்லியர்ட்ஸ் பந்துக்காகத் தொடங்கிய மாற்றம், நூற்றாண்டிற்கும் மேலான காலம் கடந்து, மைசூர்க் கைவினைஞரின் மனைக்கட்டைக்கு வந்து சேர்ந்தது.

மண்டி மொஹல்லாவில் இத்தொழிலில் முதிர்ந்த பெரியவர் ஒருவரைச் சில ஆண்டுகளுக்கு முன் நாம் சந்தித்தோம். புதிய தகட்டைத் தாம் முதலில் வெறுத்ததை அவர் மறைக்கவில்லை. தந்தத்தை அறுக்கும் வேகத்தில் வாளை ஓட்டினால், பிளாஸ்டிக் சூடேறி இளகி, அறுத்த வழியே மீண்டும் ஒட்டிக்கொண்டதாம். வாள் உள்ளே சிக்கிக்கொண்டதாம். வேகத்தைக் குறைத்து, கூரிய வாளை இட்டு, இடையிடையே நிறுத்தி ஆறவிட்டு அறுக்கக் கற்கப் பல மாதங்கள் பிடித்தன என்றார். “பொருள் குற்றவாளி அல்ல, சாமி, அதைத் தந்தம் என்று நினைத்து அறுத்தோமே, அதுதான் குற்றம்” என்று அவர் தம் கன்னடம் கலந்த தமிழில் கூறியதை நாம் மறக்கவில்லை. பிளாஸ்டிக்கைக் கடையும் கலை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடும்.

அது எவ்வாறு எனில், எஃகைக் கடையும்போது பிறக்கும் வெப்பம் சீவலோடும், உலோகத்தின் வழியாகவும் விரைந்து விலகிவிடும். பிளாஸ்டிக்கின் வெப்பங்கடத்தும் திறனோ எஃகின் திறனில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆதலின் வெப்பம் உளி முனையிலேயே தங்கி, பொருளை இளக்கிவிடுகிறது. சென்னபட்டணத்தில் அரக்கைப் படரவைத்த அதே உராய்வு வெப்பம் இங்கே அளவைக் கெடுக்கிறது. எனவே, இரும்பில் ஓடி முனை மழுங்கிய உளியைப் பிளாஸ்டிக்கிற்குப் பயன்படுத்தலாகாது; புதிதாகத் தீட்டிய கூர்மையான உளியே வேண்டும். காற்றை ஊதியோ, பொருளுக்கு ஒவ்வாமை தராத திரவத்தைப் பாய்ச்சியோ சூட்டைத் தணிக்க வேண்டும். இறுக்கிப் பிடித்தால் பொருள் நசுங்கும். நசுங்கிய நிலையில் வட்டமாகக் கடைந்தது, பிடி விட்டதும் முட்டை வடிவாகிவிடும்.

அளவு என்னும் பேச்சு வந்தபின் ஒன்றைச் சொல்லவேண்டும். ஒரு தொழிற்கல்விக் கையேட்டை மொழிபெயர்க்கும்போது, ‘டாலரன்ஸ்’ என்னும் சொல்லுக்கு அகராதியை நம்பிச் ‘சகிப்புத்தன்மை’ என்று நாம் எழுதிவிட்டோம். பட்டறை அனுபவமுள்ள நண்பர் ஒருவர் அதைப் படித்து வாய்விட்டுச் சிரித்தார். குறித்த அளவிலிருந்து எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்னும் வரம்பே அச்சொல்லின் பொருள் என்று விளக்கினார். பின்னர் யோசித்துப் பார்த்தபோது, நம் பிழையிலும் ஓர் உண்மை இருப்பதாகவே பட்டது. ஒவ்வொரு பொருளும் இவ்வளவுதான் இயலும் என்று தன் இயல்பைச் சொல்கிறது; அதைச் சகித்துக்கொள்ளாமல் வரைபடம் போடுபவர் நஷ்டப்படுகிறார்.

இதற்கு நம் வீட்டிலேயே ஒரு சான்று நேர்ந்தது. நம் உறவினர் பிள்ளை ஒருவன் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு சிறு பட்டறையில் கடைசல்காரனாக இருந்தான். கடற்கரை ஊர் ஒன்றிலுள்ள ஆலைக்கு நைலான் புஷ்கள் செய்துதரும் வேலை வந்தது. மாசி மாதத்து வறண்ட காற்றில் கடைந்தார்கள். மைக்ரோமீட்டரில் ஒவ்வொன்றும் வரம்பிற்குள்ளேயே இருந்தது. மழைக்காலம் வந்ததும் ஆலையிலிருந்து கடிதம் வந்தது. புஷ்கள் தண்டைப் பிடித்துக்கொண்டு யந்திரத்தையே நிறுத்திவிட்டனவாம். சரக்கு திரும்பிற்று, பணம் நின்றது, வேலை தெரியாதவன் என்ற பழி அப்பிள்ளையின் தலையில் விழுந்தது. அவன் கை பிசகவில்லை. தேர்ந்தெடுத்த பொருளே பிசகிற்று.

நைலான் ஈரத்தை உறிஞ்சும். நைலான் 6 என்னும் வகை சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு நீரை ஏற்கும்; நீரில் மூழ்கிக் கிடந்தால் ஒன்பது பங்கிற்கும் மேல் ஏற்கக்கூடும். நூற்றுக்கு இரண்டரைப் பங்கு ஈரம் ஏறினால் 50 மில்லிமீட்டர் அளவு ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர் வளர்ந்துவிடும். இரும்புக் கூட்டினுள் அடைபட்ட புஷ் வெளிப்புறம் வளர இடமின்றி உட்புறமாகப் பருத்துத் தண்டை நெரிக்கிறது. பின்னர் அப்பட்டறையார் அசிட்டால் என்னும் பொருளுக்கு மாறினார்கள். அது முழுதும் நனைந்தாலும் நூற்றுக்கு ஒரு பங்கு நீரைக்கூட ஏற்காது. வேலை தேறிற்று. பிள்ளையும் நிலைத்தான்.

ஆகவே பொருளைத் தேர்பவர் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் நான்கு. முதலாவது, அது எவ்வளவு வெப்பத்தில் வேலை செய்யும்? 100 மில்லிமீட்டர் எஃகு 10 டிகிரி சூடேறினால் 0.012 மில்லிமீட்டர் நீளும். அதே அளவுள்ள அசிட்டால் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் நீளும். அளவெடுப்பதற்கு உலகம் ஏற்றுள்ள வெப்பநிலை 20 டிகிரி சென்டிகிரேட். சித்திரை வெயிலில் 35 டிகிரியில் அளந்துவிட்டு, குளிர்ந்த அறையில் அளப்பவரோடு வழக்காடுவதில் பயனில்லை. இரண்டாவது, ஈரம் படுமா? மூன்றாவது, எவ்வளவு சுமையை எவ்வளவு காலம் தாங்கவேண்டும்? 1938-இல் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்ட டெஃப்லான் வழவழப்பில் நிகரற்றது. ஆயினும் தொடர்ந்த சுமையில் மெல்ல மெல்லக் கசிந்து தன் வடிவத்தை இழக்கும். நான்காவது, எதனோடு உறவாடும்? கண்ணாடிபோல் தெளிந்த பாலிகார்பனேட் சம்மட்டி அடியைத் தாங்கும். ஆனால் சிலவகை எண்ணெய்களும் கரைப்பான்களும் பட்டால் நுண்விரிசல் விட்டுவிடும். எல்லாவற்றையும் தாங்கும் பொருள் வேண்டுமெனில், 1978-இல் இங்கிலாந்தில் ஆக்கப்பட்ட பீக் போன்றவை உண்டு. 340 டிகிரியளவில்தான் அவை உருகும். ஆனால் அவற்றின் விலையைத் தாங்குவதுதான் கடினம்.

தேர்ந்தபின்னும் பொறுமை தேவை. உருண்டையாகவும் பலகையாகவும் வார்க்கப்பட்ட பிளாஸ்டிக்கினுள், குளிர்ந்து இறுகியபோது உண்டான இழுவிசை உறங்கிக்கொண்டிருக்கும். ஒரு பக்கத்தைச் செதுக்கி எடுத்தால் அது விழித்துப் பொருளை வளைக்கும். அதனால் முதலில் தோராயமாகக் கடைந்து, ஓரிரு நாள் ஆறவிட்டு, பிறகே கடைசி அளவிற்குக் கொண்டுவருவது நல்ல பட்டறைகளின் வழக்கம். சிலவற்றை வெந்நீரிலோ அடுப்பிலோ மெல்லச் சூடேற்றி, அதைவிட மெல்லக் குளிரவிடுவதும் உண்டு. ஈட்டி மரத்தை ஆண்டுக்கணக்கில் உலரவிட்டு எடுத்தாண்ட மண்டி மொஹல்லாப் பெரியவருக்கு இதனை யாரும் கற்பிக்கவேண்டியதில்லை.

நேயர்களே! பிழைப்பின் நிமித்தம் தமிழகத்தை விட்டுக் கர்நாடகத்திலும் மராட்டியத்திலும் குஜராத்திலும் குடியேறிய நம் குடும்பங்களில், பட்டறை வாயிலில் நிற்கும் பிள்ளைகள் பலர். இதனை முறையாகக் கற்க விரும்புவோருக்கு இடங்கள் இருக்கின்றன. சென்னைக் கிண்டியில் 1968-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகளின் உதவியோடு மத்திய அரசு நிறுவிய சிப்பெட் என்னும் பிளாஸ்டிக் பொறியியல் கழகம் இன்று பல மாநிலங்களில் கிளைத்துள்ளது. மைசூரிலும் அதற்கு ஒரு நிலையம் உண்டு. அங்கே சேருபவர் அனைவருக்கும் யந்திரத்தை ஓட்டப் பயிற்சி கிடைத்துவிடும். கையில் வைத்திருக்கும் பொருள் எது என்று கேட்கும் பழக்கம் மட்டும் அவரவரே தேடிக்கொள்ள வேண்டியது.

ஹெப்பாளில் பழி சுமந்த அப்பிள்ளை இப்போது நான்கு பேருக்கு வேலை கற்பிக்கும் மேஸ்திரி. புதிய வரைபடம் வந்தால் அளவைப் பார்ப்பதற்கு முன் அவன் கேட்கும் கேள்வி, “இது எந்த ஊருக்குப் போகிறது? அங்கே மழை எப்படி?” என்பதுதானாம். திரும்பி வந்த அந்த நைலான் புஷ்களில் ஒன்றை அவன் தன் மேசைமேல் இன்னும் வைத்திருக்கிறான். தை மாதத்தில் ஒருமுறையும் ஆடி மாதத்தில் ஒருமுறையும் அதை அளந்து, இரண்டு எண்களையும் புதிதாகச் சேர்ந்த பையன்களின் கையில் எழுதிக்கொடுக்கிறான்.